பழைய கணிப்பொறிகளும் நினைவக வரம்பும்

பள்ளிகளிலும் சிறு அலுவலகங்களிலும் பழைய கணிப்பொறி மந்தமாக இயங்கத் தொடங்கியதும், நினைவகத்தைக் கூட்டினால் போதும் என்று முடிவு செய்யப்படுவது வழக்கம். பல வேளைகளில் அம்முடிவு சரியே. எனினும் எவ்வளவு கூட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது வாங்குவோரின் பணமன்று, கணிப்பொறியின் அமைப்பேயாகும்.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியின் 8088 செயலியில் 20 முகவரித் தடங்களே இருந்தன. ஒவ்வொரு தடமும் இரு நிலைகளில் ஒன்றைக் காட்டும். ஆகவே 20 தடங்களால் 10,48,576 இடங்களைச் சுட்டலாம். இதுவே ஒரு மெகாபைட். அதிலும் 384 கிலோபைட் முகவரிகள் திரை முதலியவற்றுக்கு ஒதுக்கப்பட்டமையால், நிரல்களுக்கு எஞ்சியது 640 கிலோபைட். 1985-இல் வந்த 80386 செயலி, 32 பிட் முகவரியால் இவ்வரம்பை 4 கிகாபைட்டாக உயர்த்தியது. அன்று அது கடலெனத் தோன்றியது. பின்னர் அதுவே தடைச்சுவராயிற்று.

விண்டோஸ் 10-இன் 32 பிட் பதிப்பு இயங்கும் கணிப்பொறியில் 8 கிகாபைட் பொருத்தினாலும் நான்குக்கு மேற்பட்டது வீணே. அந்த நான்கிலும் ஒரு பகுதி முகவரிகளைச் சாதனங்கள் எடுத்துக்கொள்ளும். செயலி 64 பிட் வகையாயின், இயக்க முறைமையை மாற்றி இத்தடையைக் கடக்கலாம். ஆனால் தாய்ப்பலகையும் இடந்தர வேண்டும். டி.டி.ஆர்.2 பலகையில் டி.டி.ஆர்.3 நினைவகம் நுழையவே நுழையாது. வெட்டுப்பள்ளம் அமைந்துள்ள இடமே வேறு. பலகையின் கையேட்டைப் பாராமல் கடைக்குச் செல்வது பணவிரயம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 குறிப்பிட்ட செயலிகளையும் பாதுகாப்புச் சில்லையும் கோருவதால், நினைவகத்தைக் கூட்டுவதால் மட்டும் அதற்கு மாற இயலாது. இத்தகைய பொறிகளுக்கு எளிய லினக்ஸ் பதிப்புகள் உதவும்.