வீட்டில் வளரும் ஆமையின் ஓடு: அமைப்பும் பாதுகாப்பும்

ஆமை தன் வீட்டைத் தானே சுமந்து செல்லும் பிராணி என்று சொல்வது வழக்கம். கேட்பதற்கு இனிய கூற்றேயெனினும், உடற்கூற்று நூல் இதனை ஒப்புக்கொள்வதில்லை. வீட்டில் குடியிருப்பவர் அதனை விட்டு வெளியேறலாம். ஆமையோ தன் ஓட்டைவிட்டு ஒருநாளும் வெளியேற இயலாது. அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளுமே அவ்வோடாக அமைந்திருக்கின்றன. ஆகவே ஓட்டின் நலம் என்பது உடலின் நலமே ஆகும். இவ்வுண்மையை மனத்திற் கொள்ளாதவர் நோயுற்ற ஓட்டுக்கு வெளிப்பூச்சுத் தேடுவர். நோயின் காரணமோ பெரும்பாலும் உணவிலும், ஒளியிலும், நீரிலும் இருக்கும்.

ஓட்டின் அமைப்பு

முதுகுப்புறத்து ஓட்டை மேலோடு என்றும், வயிற்றுப்புறத்து ஓட்டை அடியோடு என்றும் கூறலாம். இவ்விரண்டும் உடலின் இரு பக்கங்களிலும் பாலம்போன்ற எலும்புப் பகுதியால் இணைந்துள்ளன. மேலோட்டில் மட்டும் ஏறக்குறைய 50 எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கின்றன. சீனாவின் குய்ஜோ மாகாணத்தில் கிடைத்து, 2008-ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட தொல்லுயிர்ச் சின்னம் ஒன்று, ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆமையினுடையது. அதற்கு அடியோடு முழுமையாக இருந்தது. மேலோடு முழுமை பெறவில்லை. விலா எலும்புகள் மட்டும் அகன்று காணப்பட்டன. எலும்பே ஓடாக மாறிய வரலாற்றிற்கு இது தக்க சான்றாகும்.

எலும்பின்மேல் நம் கண்ணுக்குத் தெரியும் தகடுகள் கெரட்டின் என்னும் பொருளால் ஆனவை. நம் நகமும் முடியும் இப்பொருளால் ஆனவையே. பெரும்பாலான நன்னீர் ஆமைகளின் மேலோட்டில் இத்தகைய தகடுகள் 38 உண்டு. நடுவரிசையில் 5, அதன் இருமருங்கிலும் நான்கு நான்காக 8, ஓரத்தில் 25 என அவை அமைந்திருக்கும். அடியோட்டில் உள்ளவை 12. தகடுகளின் இணைப்புக் கோடுகள் எலும்புகளின் இணைப்புக் கோடுகளோடு ஒன்றி வருவதில்லை. கொத்தனார் செங்கற்களின் இணைப்புகள் நேர்க்கோட்டில் வாராதபடி மாற்றி அடுக்குவதுபோல இயற்கையும் இங்கே மாற்றி அடுக்கி வலிமை சேர்த்திருக்கிறது. தகட்டுக்கும் எலும்புக்கும் இடையில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கொண்ட மெல்லிய தோல் உண்டு. எனவே ஓட்டில் படும் அடியை ஆமை உணரும். காயம் பட்டால் குருதி வரும்.

சுண்ணாம்புச் சத்தும் சூரிய ஒளியும்

ஓட்டின் உறுதிக்கு முதற்காரணம் கால்ஷியம் என்னும் சுண்ணாம்புச் சத்து. ஆனால் உண்ட கால்ஷியம் அனைத்தும் உடலிற் சேர்ந்துவிடுவதில்லை. குடல் அதனை ஏற்பதற்கு வைட்டமின் டி3 வேண்டும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உடையவை தோலின்மேல் படும்போது, அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளிலிருந்து இவ்வைட்டமின் உண்டாகத் தொடங்குகிறது. உடலின் வெப்பம் அம்மாற்றத்தை நிறைவு செய்கிறது. இவ்வகைப் பொருள்களுக்கும் வைட்டமின்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்ததற்காகவே ஜெர்மானிய ரசாயன அறிஞர் அடால்ப் விண்டாஸ் 1928-இல் நோபெல் பரிசு பெற்றார்.

குறிப்பிட்ட இக்கதிர்களைச் சன்னற் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். மூடிய சன்னலருகே வைத்த தொட்டியில் வெளிச்சம் இருக்கும், வெப்பமும் இருக்கும். வைட்டமின் உண்டாக்கும் கதிர் இராது. நாள்தோறும் வெயிலில் வைத்தும் ஆமையின் ஓடு மென்மையாகிவிட்டதே என்று வியப்பவர் பலர். அவ்வியப்புக்கு விடை இதுவே.

கால்ஷியம் போதாதபோது, இரத்தத்தின் தேவையை நிறைவு செய்ய உடல் தன் எலும்பிலிருந்தே அதனை எடுத்துக்கொள்கிறது. குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் நோயை ஒத்த நிலை இது. ஓடு விரலால் அழுத்தினால் அமுங்கும், ஓரங்கள் மேல்நோக்கி வளையும், பின்கால்கள் தளரும். முட்டையிலிருந்து புதிதாக வந்த குஞ்சின் ஓடு இயல்பாகவே சற்று நெகிழ்ச்சியுடையது. வளர வளர அது இறுக வேண்டும். இறுகாவிடில் குறையுண்டு எனத் தெளியலாம்.

இதனைத் தடுக்கும் வழி எளிது. காலை இளவெயில் கண்ணாடியின் இடையீடின்றி நேரே படுமாறு நாள்தோறும் சிறிது நேரம் விட வேண்டும். ஆமை ஒதுங்குவதற்குப் பாதியிடத்தில் நிழல் இருத்தல் இன்றியமையாதது. கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் வைத்தல் கூடாது. நீர் விரைவிற் சூடேறி உயிருக்கே கேடாகும். வட இந்தியக் குளிர்காலத்திலும், வெயில் புகாத அடுக்குமாடி வீடுகளிலும் புற ஊதாக் கதிர் விளக்கைப் பயன்படுத்தலாம். அவ்விளக்கு ஒளிவிட்டுக்கொண்டிருக்கும்போதே அதன் கதிர்ச்சக்தி குறைந்துபோவதால், தயாரிப்பாளர் குறித்த காலத்தில் அதனை மாற்றிவிட வேண்டும்.

உணவிலும் கருத்து வேண்டும். கால்ஷியம் பாஸ்பரஸைப்போல ஏறத்தாழ இருமடங்கு இருத்தல் நன்று. எலும்பு நீக்கிய இறைச்சியில் இவ்விகிதம் தலைகீழாக இருப்பதால், அதனை மட்டுமே உண்ணும் ஆமை வயிறு நிறைந்தும் ஓடு நலிகிறது. உலர்ந்த இறாலை மட்டும் நாள்தோறும் இடுவதும் போதாது. முள்ளோடு கூடிய சிறுமீன், நீர்ப்பாசி, முருங்கைக் கீரை ஆகியவற்றைக் கலந்து கொடுக்கலாம். பசலைக் கீரையின் ஆக்ஸாலிக் அமிலம் கால்ஷியத்தைப் பிணித்துவிடுமாகையால் அதனை மிகுதியாக இடலாகாது. நாட்டு மருந்துக் கடைகளிற் கடல்நுரை என்று விற்கப்படும் கணவாய் ஓட்டின் துண்டொன்றை நீரில் மிதக்கவிட்டால், ஆமை வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

நீரும் உலர்விடமும்

ஓட்டைத் தாக்கும் இரண்டாவது நோய் அழுகல். அழுக்கு நீரிலேயே எந்நேரமும் கிடக்கும் ஆமையின் தகட்டிடுக்குகளில் பாக்டீரியாக்களும் பூஞ்சணங்களும் பெருகுகின்றன. வெண்மையான அல்லது செந்நிறமான திட்டுகள், சிறு குழிகள், துர்நாற்றம், தகடு தூக்கிக்கொண்டு நிற்றல் ஆகியவை இதன் அறிகுறிகள். நோய் எலும்பைக் கடந்து இரத்தத்திற் கலந்தால் ஆமை மடியும்.

நீர்வாழ் ஆமைக்கும் முற்றிலும் உலரக்கூடிய மேட்டிடம் ஒன்று வேண்டும். எளிதில் ஏறத்தக்க சாய்வுள்ள கல்லோ செங்கல்லோ போதும். அவ்விடத்தின் உஷ்ணநிலை 30 முதல் 35 டிகிரி சென்டிகிரேடு வரையிலும், நீரின் உஷ்ணநிலை 24 முதல் 28 டிகிரி வரையிலும் இருத்தல் நலம். எஞ்சிய உணவை அன்றன்றே அகற்றி, நீரை அடிக்கடி மாற்ற வேண்டும்.

வளரும் நன்னீர் ஆமையின் தகடுகள் மெல்லிய, ஒளி ஊடுருவும் ஏடாக அவ்வப்போது உரிவது இயற்கை. கீழே தூய புதுத் தகடு தெரியுமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. கையால் பிய்த்தெடுத்தலும் வேண்டா.

செய்யத் தகாதவை

ஓட்டுக்கு எண்ணெய் பூசுவது அழுக்கையும் நுண்ணுயிர்களையும் பிடித்து வைப்பதாகவே முடியும். வார்னிஷும் வர்ணமும் வளர்ச்சியைத் தடைசெய்வதோடு நஞ்சாகவும் கூடும். ஓரத்தில் துளையிட்டுக் கயிறு கட்டுதல் உயிருள்ள எலும்பைத் துளைக்கும் கொடுமையாகும். ஓடு விரிந்துவிட்டால் பசையிட்டு மூடலாகாது. கிருமிகள் உள்ளேயே சிறைப்படும். ஆமையின் நுரையீரல்கள் மேலோட்டின் அடியிலேயே அமைந்திருப்பதால் விரிசல் ஆழமானதாயின் மூச்சுக்கும் ஆபத்து. தூய துணியால் மூடி, நீரில் விடாது, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்க. ஓடு ஆறுவதற்குப் பல மாதங்கள் ஆகும்.

வளர்ப்போரின் பொறுப்பு

நட்சத்திர ஆமை முதலிய நம் நாட்டு ஆமைகள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. அவற்றை வாங்குவதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். அத்தகைய ஆமை கையில் இருப்பின் வனத்துறையினரிடம் தெரிவித்தல் வேண்டும்.

கடைகளில் பெரிதும் விற்கப்படுவது அமெரிக்காவின் மிஸிஸிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த செங்காது ஆமை. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும் அக்குஞ்சு, பெண்ணாயின் 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரலாம். 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழலாம். சிறு கிண்ணம் அதற்கு உரிய இடமன்று. இடம் போதவில்லையென்று அதனைக் குளத்திலோ ஏரியிலோ விடுவது பெருந்தீங்கு. அது நம் நாட்டு ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். ஆமைகளிடமிருந்து ஸால்மொனெல்லா என்னும் கிருமி மனிதருக்குத் தொற்றக்கூடும். குழந்தைகளை நோயினின்று காப்பதற்காகவே, ஓடு 4 அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது. ஆமையைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் அனைவர்க்கும் கடமை.

மாதம் ஒருமுறை ஆமையை உலரவிட்டு, மேலோடு, அடியோடு, தகட்டிடுக்குகள் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்திற் பார்வையிட்டு, எடையையும் நீளத்தையும் குறித்து வைக்க வேண்டும். உணவு உட்கொள்வதில் தளர்ச்சியோ, ஓட்டில் மென்மையோ, புதிய திட்டோ காணப்பட்டால் அக்குறிப்பேட்டுடன் மருத்துவரை அணுகுக. ஆமையின் நோய் மெல்லவே வளரும். ஆகையால் தொடக்கத்திலேயே கண்டால் தீர்த்தற்குக் காலம் உண்டு.