யூரோ மில்லியன்ஸ் லாட்டரி: ஆரணியில் இருந்து ஆடலாமா? ஒரு ஆடிட்டரின் கணக்கு



போன மாசம் எங்க ஆரணி ஆபீஸுக்கு ஒரு நெசவாளர் அண்ணன் வந்தார். "தம்பி, எனக்கு யூரோ மில்லியன்ஸ்ல 1.2 கோடி விழுந்திருக்கு. லண்டன் டாக்ஸ் 38,000 கட்டினா பணம் வந்துடுமாம். கட்டிடலாமா?" என்று போனை நீட்டினார். டிக்கெட்டுக்கு என்று ஏற்கெனவே 4,500 ரூபாயை யாரோ ஒரு 'ஏஜென்ட்'டுக்கு யுபிஐயில் அனுப்பியிருந்தார். மீதிக்கு மனைவியின் கம்மலை அடகு வைக்கப் போகிற அவசரம்.

"கட்டாதீங்கண்ணே" என்றேன். ஏன் என்று அவருக்கு விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த லாட்டரி எப்படி நடக்குது?

யூரோ மில்லியன்ஸ் பொய்யான லாட்டரி இல்லை. 2004 பிப்ரவரியில் பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் மூன்றும் சேர்ந்து ஆரம்பித்தவை. இப்போது அயர்லாந்து, போர்ச்சுகல், பெல்ஜியம், லக்ஸம்பர்க், ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என மொத்தம் 9 நாடுகள். செவ்வாய், வெள்ளி என வாரம் 2 குலுக்கல், பாரிஸில் நடக்கும்.

சீட்டை ஒவ்வொரு நாட்டிலும் அந்த நாட்டு உரிமம் பெற்ற நிறுவனம் விற்கும். வசூலில் சுமார் பாதி பொதுப் பரிசுப் பானைக்குப் போகும். மீதி அந்தந்த நாட்டு அரசுக்கும், நற்பணிகளுக்கும், கடைக்காரர் கமிஷனுக்கும், நிர்வாகச் செலவுக்கும். எந்த நாட்டில் சீட்டு வாங்கினீர்களோ அங்கேதான் பரிசைக் கேட்க முடியும்.

முதல் பரிசு 17 மில்லியன் யூரோவில் தொடங்கும். யாருக்கும் விழவில்லை என்றால் அடுத்த குலுக்கலுக்குச் சேர்ந்துகொண்டே போகும். உச்சவரம்பு 250 மில்லியன் யூரோ. 2025 ஜூனில் அயர்லாந்தில் விற்ற ஒரு சீட்டுக்கு அந்த முழுத் தொகையும் விழுந்தது. இந்த மாதிரிச் செய்திதான் ஆரணி வரைக்கும் ஆசையைக் கொண்டு வருது.

ஆடும் வழிகள்

1 முதல் 50 வரை 5 எண்கள், 1 முதல் 12 வரை 2 நட்சத்திர எண்கள். நீங்களே தேர்வு செய்யலாம், இயந்திரத்திடமும் விடலாம். இரண்டுக்கும் வாய்ப்பு ஒன்றுதான். பிறந்த தேதியை வைத்து எழுதினால் 31-க்குள்ளேயே நிற்பீர்கள். பலரும் அதையே செய்வதால், விழுந்தாலும் பங்கு போட ஆள் அதிகம் இருக்கலாம்.

5-க்குப் பதில் 6 எண் எடுத்தால் வாய்ப்பு 6 மடங்கு. ஆனால் விலையும் 6 மடங்கு! அது 6 சீட்டு வாங்குவதுதான். நண்பர்கள் சேர்ந்து கூட்டாக வாங்கினால் வாய்ப்பு கூடும், பரிசு பங்காகும். எந்த 'சிஸ்டம்' சொன்னாலும், போடுகிற ஒரு ரூபாய்க்கு உள்ள வாய்ப்பை அது கூட்டாது.

வாய்ப்பு எவ்வளவு?

50-ல் 5 எண்ணை எடுக்க 21,18,760 வழிகள். 12-ல் 2 எடுக்க 66 வழிகள். பெருக்கினால் 13,98,38,160. கிட்டத்தட்ட 14 கோடியில் ஒன்று.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. கிட்டத்தட்ட ரெண்டு தமிழ்நாட்டு ஜனத்தை நிற்க வைத்து, அதில் ஒரே ஒருவரைத் தொட வேண்டும். குலுக்கலுக்கு ஒரு சீட்டு என்று விடாமல் வாங்கினால், சராசரியாக 13 லட்சம் வருஷத்துக்கு ஒரு முறை முதல் பரிசு விழும்.

இந்தியாவில் இருந்து வாங்கலாமா?

கூடாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் (ஃபெமா) கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு விதிகளில், லாட்டரிச் சீட்டு வாங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது நேரடியாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. கார்டில் கட்டினாலும் இதே விதிதான். மீறினால் தொகையைப் போல 3 மடங்கு வரை அபராதம் போடலாம். "எங்க ஆப்ல பணம் போகுதே சார்" என்பார்கள். போகுது என்பதால் அது சட்டப்படி ஆகிவிடாது.

தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் எல்லா லாட்டரியும் தடை. கேரள அரசு லாட்டரி கேரளாவில் சட்டப்படி விற்கிறது, ஆனால் அது காகிதச் சீட்டு மட்டும்தான். 'கேரளா லாட்டரி ஆன்லைன்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அதுவும் மோசடியே.

பாரிஸில் இருக்கும் தம்பி வாங்கினால்?

அவர் அங்கே வசித்து, தன் சம்பளத்தில் தனக்கு வாங்கினால் தப்பில்லை. வெளிநாடுவாழ் இந்தியராக அங்கேயே பரிசைப் பெற்றால் இந்தியாவில் வரி இல்லை. அதிலிருந்து ஆரணியில் இருக்கும் அண்ணனுக்கு அன்பளிப்பு அனுப்பினாலும் வரி இல்லை, ஏனென்றால் உடன்பிறந்தவர் வரிச் சட்டப்படி 'உறவினர்'. நீங்கள் இங்கிருந்து பணம் அனுப்பி "எனக்கு ஒண்ணு வாங்குடா" என்றால்தான் சிக்கல்.

இந்தியாவில் வசிப்பவருக்கு லாட்டரியில் விழுந்தால் 30% வரி. அடிப்படை விலக்கு கிடையாது, சீட்டு வாங்கிய செலவைக்கூடக் கழிக்க முடியாது. 1 கோடி விழுந்தால், 30 லட்சம் வரி, அதில் 10% சர்சார்ஜ், இரண்டின் மேலும் 4% செஸ். மொத்தம் 34.32 லட்சம் போக, கையில் 65.68 லட்சம்.

மோசடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அண்ணனிடம் நான் காட்டியது 3 விஷயம்:

1. பிரிட்டனில் லாட்டரிப் பரிசுக்கு வருமான வரியே கிடையாது. அப்புறம் ஏது 'லண்டன் டாக்ஸ்'?
2. இந்தியாவில் லாட்டரிப் பரிசுக்கு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். பரிசு வருவதற்கு முன் 'வரி கட்டு' என்று யார் கேட்டாலும் திருடன்.
3. அவர் கையில் சீட்டே இல்லை. வெறும் ஒரு படம்தான் வந்திருந்தது.

ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் பண்ணுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. "நானும் தப்பு பண்ணிட்டேனே" என்று பயந்து மறைத்தால் லாபம் திருடனுக்குத்தான்.

கடைசியாக ஒரு கணக்கு

சீட்டு 2.50 யூரோ. வாரம் 2 சீட்டு என்றால், யூரோவை 100 ரூபாயாக வைத்தால் மாதம் 2,000-க்கு மேல் ஆகும். அதே 2,000-ஐ போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில் 6.7% வட்டியில் 5 வருஷம் கட்டினால், போட்டது 1,20,000, கிடைப்பது சுமார் 1,42,700. கோடி இல்லைதான். ஆனால் நிச்சயமாக வரும்.

அண்ணன் ஆபீஸில் இருந்தே 1930-க்குப் பேசினார். 4,500 இன்னும் திரும்பவில்லை. கம்மல் மட்டும் அடகுக்கடைக்குப் போகவில்லை. உங்க வீட்டிலும் யாருக்காவது இப்படி மெசேஜ் வந்திருந்தால், பணம் அனுப்புவதற்கு முன்னாடி இதைப் படித்துக் காட்டுங்கள்.