நிரலுக்கு ஒரு நல்ல படம்

மாணவர்களே, உங்கள் வகுப்பின் புலனக் குழுவை ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்கள். கணினிப் பாடத்தில் சிக்கிக்கொண்ட நண்பர் ஒருவர், திரையைக் கைப்பேசியால் படம் எடுத்து அனுப்பியிருப்பார். படம் சாய்ந்திருக்கும். திரையில் மின்விளக்கு பளபளக்கும். எழுத்துகளின் மேல் வானவில் போன்ற அலைக்கோடுகள் ஓடும். கீழே "எங்கே தப்பு?" என்று ஒரு கேள்வி. உதவ நினைப்பவருக்கோ அங்கே இருப்பது காற்புள்ளியா, அரைப்புள்ளியா என்பதே தெரியாது.

அந்த அலைக்கோடுகளுக்கு 'முவாரே' என்று பெயர். திரையின் புள்ளிகள் ஒரு கட்டம். கேமராவின் உணரிப் புள்ளிகள் இன்னொரு கட்டம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது, இரண்டிலும் இல்லாத மூன்றாவது வடிவம் தோன்றுகிறது. இரண்டு கொசுவலைத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அசைத்துப் பாருங்கள், அதே அலைகள் தெரியும்.

1972 முதல் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்கிவரும் தீவு நம் பினாங்கு. இங்கே வளரும் நீங்கள் நிரல் எழுதக் கற்றால் மட்டும் போதாது. எழுதியதைப் பிறர் படிக்கும்படி காட்டவும் தெரிய வேண்டும். அதற்கென்றே உள்ளவை 'நிரல் படக் கருவிகள்'. கார்பன், ரே.சோ, ஸ்னாப்பிஃபை ஆகியவை பலர் அறிந்தவை. உலாவியில் திறந்து நிரலை ஒட்டினால், நிறம், சட்டம், பின்னணி எல்லாம் சேர்த்துப் படமாகத் தந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு இவற்றில் வசதிகள் கூடி வருகின்றன. எந்த வசதி பயனுள்ளது, எது வெறும் ஒப்பனை? அதை அறிய ஒரே கேள்வி போதும்: படத்தைப் பார்ப்பவர், அதே நிரலைத் தவறின்றித் தட்டச்சு செய்து ஓட்ட முடியுமா?

நம் சோதனை நிரல்

இந்தப் பாடத்துக்குத் தமிழிலேயே ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். 'எழில்' என்பது தமிழ்ச் சொற்களால் எழுதும் நிரல்மொழி. இதை உருவாக்கியவர் முத்தையா அண்ணாமலை. இம்மொழி பற்றிய கட்டுரையை அவர் 2009-இல் வெளியிட்டார். 'பதிப்பி' என்றால் திரையில் காட்டு. 'ஆனால்', 'இல்லை' இரண்டும் நிபந்தனைக்கு. 'முடி' என்றால் அந்தப் பகுதி முடிந்தது.

மதிப்பெண் = 40
@( மதிப்பெண் > 40 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

தேர்ச்சி மதிப்பெண் 40 என்று வைத்துக்கொள்வோம். சரியாக 40 வாங்கிய மாணவருக்கு இந்த நிரல் என்ன சொல்லும்? "மீண்டும் முயல்க" என்று சொல்லும்! இரண்டாம் வரியில் > என்பதற்குப் பதில் >= இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு குறி விடுபட்டதால் ஒரு மாணவர் தோற்றுப்போகிறார். இந்தப் பிழையைத்தான் நம் படம் தெளிவாகக் காட்ட வேண்டும்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

கருவியில் பைத்தன் நிரலை ஒட்டினால் கட்டளைச் சொல் ஒரு நிறத்திலும், மேற்கோளுக்குள் உள்ளது வேறு நிறத்திலும், எண் இன்னொரு நிறத்திலும் வரும். கருவிக்கு நிரலின் பொருள் தெரியாது. அந்த மொழியின் விதிகளைக் கொண்டு வரியைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் என்ன வகை என்று அடையாளம் இடுகிறது. பிறகு வகைக்கு ஒரு நிறம் பூசுகிறது. தமிழ் வகுப்பில் ஒரு வாக்கியத்தை எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று பிரித்து வெவ்வேறு மையில் எழுதுவதைப் போன்றது இது.

மொழியைத் தானே ஊகிக்கும் வசதியும் உண்டு. ஊகம் தவறினால் நிறமும் தவறும். ஆகவே மொழியை நீங்களே தேர்ந்தெடுப்பது நல்லது. உங்கள் மொழி பட்டியலில் இல்லையென்றால் 'வெற்று உரை' என்று தேர்ந்தெடுங்கள். எல்லாம் ஒரே நிறத்தில் வரும். தவறான நிறத்தைவிட நிறமே இல்லாதது மேல்.

எழுத்துருவில் உள்ள பொறி

நிரலுக்கு 'சம அகல' எழுத்துருவையே பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தின் மெலிந்த எழுத்துக்கும் அகன்ற எழுத்துக்கும் அதில் ஒரே இடம்தான். அதனால் வரிகள் நேராக நிற்கும். சுழியமும் அதைப் போன்ற ஆங்கில எழுத்தும் வேறுவேறாகத் தெரியும்.

புதிய எழுத்துருக்கள் சிலவற்றில் 'இணைப்பெழுத்து' உண்டு. ஃபிரா கோட் அப்படிப்பட்டது. நீங்கள் > , = என்ற இரு குறிகளைத் தட்டினால் அது ≥ என்று ஒரே குறியாக வரைந்து காட்டும். பார்க்க அழகுதான். ஆனால் நம் திருத்தத்தை இந்த எழுத்துருவில் படமாக்கினால் என்ன ஆகும்? படிவம் 1 மாணவர் ஒருவர் விசைப்பலகையில் ≥ எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். கற்பிக்கும் படத்தில் இணைப்பெழுத்து இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழுக்கு வரும்போது இன்னொரு சங்கதி நடக்கிறது. கார்பனின் தொடக்க எழுத்துருவான 'ஹேக்' உட்பட, இந்த ஆங்கில எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகளே இல்லை. அப்படியிருந்தும் 'பதிப்பி' படத்தில் தெரிகிறதே, எப்படி? உலாவி உங்கள் கணினியில் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவைக் கடன் வாங்குகிறது. விண்டோஸில் அது 'நிர்மலா'வாக இருக்கலாம். ஆண்ட்ராய்டில் 'நோட்டோ சான்ஸ் தமிழ்'. ஆப்பிள் கணினிகளில் 'தமிழ் சங்கம் எம்.என்.' என்ற எழுத்துரு உண்டு. அந்த 'எம்.என்.' யார் தெரியுமா? முரசு மென்பொருளை உருவாக்கிய நம் நாட்டவர் முத்து நெடுமாறன். அவர் பெயரின் முதலெழுத்துகள்தாம் அவை. உலகின் எந்த மூலையில் ஓர் ஆப்பிள் கணினியில் இந்த எழுத்துருவில் தமிழ் தோன்றினாலும், அதில் ஒரு மலேசியத் தமிழரின் கைவண்ணம் இருக்கிறது.

கடன் வாங்கிய எழுத்துகள் சம அகலம் கொண்டவை அல்ல. 'டி'யின் அகலம் வேறு, 'ணௌ'வின் அகலம் வேறு. இடைவெளி விட்டு நேராக அடுக்கிய வரிகள் படத்தில் கோணலாகலாம். ஒரே நிரல் இரு கணினிகளில் இரு விதமான படங்களாகவும் வரலாம்.

எண்ணிக்கையிலும் ஒரு வியப்பு உண்டு. 'பினாங்கு' எத்தனை எழுத்து? பி, னா, ங், கு என்று நான்கு. ஆனால் ஒருங்குறி முறையில் கணினி அதை எட்டுக் குறியீடுகளாக வைத்திருக்கிறது: ப, இகரக் குறி, ன, ஆகாரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. பைத்தனில் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 8 என்றே விடை வரும். அகலத்தைக் குறியீடுகளின் எண்ணிக்கையால் கணக்கிடும் எந்தக் கருவியும் தமிழில் தடுமாறும்.

ஒரு வரியை மட்டும் ஒளிரச் செய்க

இந்தக் கருவிகளில் மிகப் பயனுள்ள வசதி, குறிப்பிட்ட வரியை மட்டும் எடுத்துக்காட்டுவது. நம் நிரலில் இரண்டாம் வரி மட்டும் பளிச்சென்று நிற்க, மற்றவை மங்கினால், பார்ப்பவரின் கண் நேரே பிழைக்குப் போகும். வரி எண்களையும் இயக்கிவிடுங்கள். "இரண்டாம் வரியைப் பார்" என்று சொன்னாலே போதும்.

பழைய வரியைச் சிவப்பிலும் திருத்திய வரியைப் பச்சையிலும் காட்டும் வழக்கமும் உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். ஆகவே நிறத்தோடு − , + என்ற குறிகளும் வரியின் முன்னால் இருக்க வேண்டும். நிறம் மட்டுமே செய்தி சொல்லக் கூடாது.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டையும் அளக்கலாம். வெளிச்ச அளவு வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 0. பெரிய அளவோடு 0.05 கூட்டி, அதைச் சிறிய அளவோடு 0.05 கூட்டியதால் வகுக்க வேண்டும். கறுப்பில் வெள்ளை எழுத்து: 1.05 ÷ 0.05 = 21. இதுவே உச்ச அளவு. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 தேவை என்கிறது இணைய அணுகல் வழிகாட்டி. கரும்பின்னணியின் அளவு 0.02, சாம்பல் நிறக் குறிப்புரையின் அளவு 0.15 என்றால்? 0.20 ÷ 0.07 = ஏறத்தாழ 2.9. தேறவில்லை! அழகான கறுப்புக் கருப்பொருள்கள் பலவற்றில் குறிப்புரை இப்படித்தான் மங்கிக் கிடக்கும்.

எந்த வடிவத்தில் சேமிப்பது?

மூன்று வடிவங்களை நினைவில் வையுங்கள். ஜேபெக், ஒளிப்படத்துக்கு ஏற்றது. படத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடும். முகத்தில் அது தெரியாது. கூர்மையான எழுத்து விளிம்பிலோ அழுக்குப் படிந்தது போல் தெரியும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கினால் 'ல்' என்பது 'ல' ஆகிவிடும். பி.என்.ஜி. எதையும் இழக்காது, நிரல் படத்துக்கு இதுவே பொருத்தம். எஸ்.வி.ஜி. புள்ளிகளாக அல்லாமல் வரைவுக் கட்டளைகளாகச் சேமிக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. ஆனால் எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்து மாறித் தெரியக்கூடும்.

'இரு மடங்கு', 'நான்கு மடங்கு' என்ற தேர்வுகளும் உண்டு. 800 × 400 படத்தில் 3,20,000 புள்ளிகள். இரு மடங்கில் நீளமும் அகலமும் இரட்டிக்கும்; ஆகவே புள்ளிகள் 12,80,000. நான்கு மடங்கில் 51,20,000, அதாவது 16 மடங்கு. புலனத்துக்கு இரு மடங்கு போதும். சுவரொட்டிக்கு நான்கு மடங்கு எடுங்கள். புலனத்தில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால், அது மீண்டும் சுருக்கப்படாமல் போய்ச் சேரும்.

படம் உரை ஆகாது

எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் படத்திலுள்ள நிரலை நேரடியாக நகலெடுக்க முடியாது. தேடவும் முடியாது. பார்வையற்ற மாணவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை வெறும் 'படம்' என்று சொல்லிக் கடந்துவிடும். ஆகவே படத்தோடு நிரலையும் உரையாக ஒட்டுங்கள். மாற்று உரைக்கு இடமிருந்தால், "ஆறு வரி எழில் நிரல், இரண்டாம் வரியில் > குறி தவறு" என்பது போல எழுதுங்கள்.

பாதுகாப்பையும் மறவாதீர்கள். கடவுச்சொல், முகவரி போன்றவை நிரலில் இருந்தால், படமாக்கும் முன்பே உரையிலிருந்து நீக்குங்கள். படம் எடுத்த பிறகு வெட்டினால் போதும் என்று நம்ப வேண்டாம். 2023-இல் கூகுள் பிக்சல் கைப்பேசிகளின் படத் திருத்தியில் ஒரு குறை வெளிவந்தது. வெட்டிச் சேமித்த படக் கோப்பின் வாலில் பழைய படத்தின் தரவு மிச்சம் இருந்தது. வெட்டிய பகுதியில் ஒரு பங்கை மீட்டெடுக்க முடிந்தது. குறை பிறகு சரிசெய்யப்பட்டது. அதற்கு முன் பகிரப்பட்ட படங்களைத் திரும்பப் பெற முடியுமா?

செய்து பாருங்கள்

1. மேலே உள்ள எழில் நிரலைத் திருத்தி, இணைப்பெழுத்து உள்ள எழுத்துருவில் ஒன்றும் இல்லாததில் ஒன்றுமாக இரு படங்கள் செய்யுங்கள். வேறுபாட்டை எழுதுங்கள்.

2. ஒரு படத்தைப் பி.என்.ஜி.யிலும் ஜேபெக்கிலும் சேமித்துப் பெரிதாக்குங்கள். 'ல்' எழுத்தின் புள்ளி எதில் தெளிவாக இருக்கிறது?

3. உங்கள் பெயருக்குத் தமிழில் எத்தனை எழுத்து, எத்தனை ஒருங்குறிக் குறியீடு? பைத்தனில் சரிபாருங்கள்.

4. படத்தை மட்டும் நண்பரிடம் கொடுத்துத் தட்டச்சு செய்து ஓட்டச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று கவனியுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் திருத்த வேண்டியது உங்கள் படத்தைத்தான்.