குவியத் தூரமும் சிறு விளையும்

காரோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் நிலம் பெரும்பாலும் சென்ட் கணக்கிலேயே பேசப்படுகிறது. வீடும் கிணறும் சில தென்னைகளும் அடங்கிய 10 சென்ட் விளை, விண்ணிலிருந்து எடுக்கப்படும் படத்தில் தனித்துத் தெரியுமா? இதற்கான விடை பெரிதும் வில்லையின் குவியத் தூரத்தைப் பொறுத்ததாகும்.

வெகு தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் வில்லையைக் கடந்து ஒரு புள்ளியில் குவிகின்றன. வில்லையின் மையத்திலிருந்து அப்புள்ளிவரை உள்ள தொலைவே குவியத் தூரம் எனப்படும். அது மிகுந்தால் பிம்பம் பெரிதாகும். ஆனால் படத்துள் அடங்கும் பரப்புச் சுருங்கும்.

1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து செலுத்தப்பட்ட ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோள் இதற்குச் சிறந்த சான்று. 904 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய அதில் இருவகைக் கருவிகள் இருந்தன. முதல்வகையின் குவியத் தூரம் 162.2 மில்லிமீட்டர், இரண்டாம்வகையினுடையது அதன் இருமடங்கு. இரண்டிலும் ஒளியுணர் கூறு ஒவ்வொன்றின் அகலம் 0.013 மில்லிமீட்டரே.

இவ்வகலத்தை உயரத்தால் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு கூறு காணும் நிலத்தின் அகலம் கிடைக்கும். முதல்வகைக்கு அது 72.5 மீட்டர், அதாவது ஒரு கூறில் ஏறத்தாழ 130 சென்ட் நிலம். இரண்டாம்வகைக்கு 36.25 மீட்டர், ஏறத்தாழ 32 சென்ட். ஆயினும் முன்னது 148 கிலோமீட்டர் அகலத்தை ஒரே கருவியால் கண்டது. பின்னதற்கு அதே அகலத்தைக் காண இரு கருவிகள் தேவைப்பட்டன.

ஆகவே 10 சென்ட் விளை, இரண்டிலும் அண்டை நிலத்தோடு கலந்தே பதிவாகும். காடு, ஏரி, வெள்ளப் பரப்பு ஆகியவற்றை அளக்க இது தடையன்று. சிறு உழவரின் பயிரிழப்பைக் கணிக்க இதனை மட்டும் நம்பினால் அவருடைய நிலம் கணக்கில் மறைந்துவிடும்.

உயரத்தைக் குறைப்பது மற்றொரு வழி. 1970-ஆம் ஆண்டை ஒட்டிப் பி. ஆர். பிஷாரடி தலைமையில் கேரளத் தென்னை வாடல் நோயை ஆராய்ந்தபோது, ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படங்கள் எடுக்கப்பட்டன. 2005-இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட் 1, ஏறத்தாழ 2 மீட்டர் குவியத் தூரத்தால் 2.5 மீட்டர் நுண்மையை எட்டியது. அதில் 10 சென்ட் விளை 65 கூறுகளாக விரியும். பார்வை அகலமோ சுமார் 30 கிலோமீட்டராகக் குறையும்.

எனவே, எந்தப் படத்தையும் திட்டமிடலுக்குக் கொள்ளுமுன், அதன் ஒரு கூறில் எத்தனை சென்ட் அடங்குகிறது என்று கேட்டறிதல் வேண்டும்.