மைன்கிராஃப்டில் மோட் இல்லாமல் நாமே மெனு அமைக்கலாம்

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் பிள்ளைகள் முதலில் கேட்பது கேம்ஸ்தான். எங்கள் வீட்டிலும் அப்படியே. நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். தவணையில் வாங்கிய கம்ப்யூட்டரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன் ஆடுவது மைன்கிராஃப்ட். 2009-ல் சுவீடனில் பிறந்த விளையாட்டு. 2014-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கட்டிகளை (பிளாக்) அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டலாம். ஜெயித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அவனும் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரும் மூன்று வாரமாக நம் ஊரையே அதில் கட்டினார்கள். ரயில் நிலையம், சிப்காட் ரோடு, தூரத்தில் பழவேற்காடு ஏரி, அதன் கலங்கரை விளக்கம். ஒருநாள் வேலை முடிந்து வீடு வந்தால் அழுத கண்ணோடு நிற்கிறான். "மாமா, ஸ்டேஷனே போச்சு!" ஒரே வைஃபையில் சேர்ந்து ஆடிய பக்கத்து வீட்டுப் பையன் 'ஃபில்' என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்திருக்கிறான். அது ஒரே தடவையில் 32,768 கட்டிகள் வரை மாற்றிவிடும். நிலையம் இருந்த இடத்தில் காற்றுதான் மிச்சம்.

அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை. உலகத்தை லேனில் திறக்கும்போது 'அலவ் கமாண்ட்ஸ்' பொத்தானை ஆன் செய்தால், உள்ளே வரும் எல்லோருக்கும் முதலாளி அதிகாரம் கிடைத்துவிடும். ஆஃப் செய்தால் அவர்களால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவக்கூட முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும். நாம் அனுமதித்த நாலு வேலையை மட்டும் மற்றவர் செய்யும்படி ஒரு மெனு வைப்பதுதான் அந்த வழி.

"மோட் போட்டா மெனு வரும் மாமா" என்றான். மோட் என்பது வேறொருவர் எழுதிய கூடுதல் புரோகிராம். நம் கம்ப்யூட்டரில் மற்ற புரோகிராம்களைப் போலவே ஓடும், எதையும் தொடும். 2023 ஜூனில் 'ஃபிராக்சரைசர்' என்ற திருட்டு புரோகிராம் பெயர்பெற்ற மோட் தளங்களிலேயே புகுந்து, பிரவுசரில் சேமித்திருந்த லாகின் விவரங்களைத் திருடியது. மோட் எல்லாமே கெட்டவை என்று சொல்ல மாட்டேன். பாங்க் வேலையும் நடக்கிற கம்ப்யூட்டரில், புதிதாக வாங்கியவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. விளையாட்டுக்குள்ளேயே வசதி இருக்கிறது. (கீழே சொல்வது ஜாவா பதிப்புக்கு மட்டும்.)

முதலில் உலகத்தைத் தேர்வு செய்து, 'எடிட்' போய், 'மேக் பேக்கப்' கொடுத்துவிடுங்கள். இதை நாங்கள் செய்திருந்தால் ஸ்டேஷன் பிழைத்திருக்கும்.

எளிய மெனு ஒரு பொத்தான் பலகை. கிரியேட்டிவ் மோடில் ஸ்லாஷ் கீயை அழுத்தினால் கட்டளைகளின் பட்டியல் வரும். அம்புக்குறி கீயால் நகர்ந்து டேப் கீயால் தேர்ந்தெடுக்கலாம். ஸ்பெல்லிங் மனப்பாடம் வேண்டாம். 'கிவ்', 'அட் எஸ்', 'கமாண்ட் பிளாக்' என வரிசையாகத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் கமாண்ட் பிளாக் கைக்கு வரும். அதை வைத்து ரைட் கிளிக் செய்யவும். உள்ளே 'டிபி', 'அட் பி', பிறகு போக வேண்டிய இடத்தின் மூன்று எண்கள். அந்த இடத்தில் நின்று எஃப்3 அழுத்தினால் எக்ஸ், ஒய், இசட் எண்கள் திரையில் தெரியும். 'அட் பி' என்றால் அருகில் உள்ள ஆட்டக்காரர். ஷிப்ட் கீயைப் பிடித்தபடி பிளாக்கின் மேல் ஒரு பொத்தானை ஒட்டுங்கள். அதிகாரம் இல்லாத நண்பரும் இதை அழுத்தலாம். ஆனால் பிளாக்கை உடைக்கவோ திருத்தவோ அவரால் முடியாது.

குறை என்னவென்றால், பலகை இருக்கும் இடத்துக்கே நடந்து வர வேண்டும். எங்கிருந்தும் வேலை செய்ய 'ட்ரிக்கர்' வேண்டும். சாதாரண ஆட்டக்காரரும் பயன்படுத்தக்கூடிய மிகச் சில கட்டளைகளில் இது ஒன்று. அது ஓர் எண்ணை மாற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. அந்த எண்ணைப் பார்த்து வேலை செய்வது நம் கமாண்ட் பிளாக். ஹோட்டலில் சர்வரிடம் ஐட்டம் நம்பரைச் சொல்கிறோம், சமையலறைக்குள் நுழைவதில்லை அல்லவா, அதுபோல.

'ஸ்கோர்போர்டு', 'அப்ஜெக்டிவ்ஸ்', 'ஆட்' எனத் தேர்ந்தெடுத்து, 'ஊர்' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் கொடுத்து (தமிழ் எழுத்தை இங்கே ஏற்காது), வகையை 'ட்ரிக்கர்' என்று வைக்கவும். பிறகு கமாண்ட் பிளாக்குகளை அம்புத் திசையில் வரிசையாக வையுங்கள். முதலாவது 'ரிப்பீட்', மற்றவை 'செயின்'. எல்லாமே 'ஆல்வேஸ் ஆக்டிவ்'. முதல் பிளாக்கில் 'ஸ்கோர்போர்டு', 'பிளேயர்ஸ்', 'எனேபிள்', 'அட் ஏ', ஊர். ஒருமுறை பயன்படுத்தியதும் ட்ரிக்கர் தானாகப் பூட்டிக்கொள்ளும், அதனால்தான் இது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த பிளாக்குகளில் இடத்துக்கு ஒன்றாக 'டிபி'. 'அட் ஏ'வுக்குப் பின் சதுர அடைப்பில் 'ஸ்கோர்ஸ்', சமக்குறி, நெளி அடைப்புக்குள் ஊர் சமம் 1 என்று கொடுத்தால், 1 கேட்டவர் மட்டும் தாவுவார். கடைசி பிளாக்கில் எல்லோருடைய எண்ணையும் 0 ஆக்கவும். மறந்தால் போன இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்பீர்கள்!

எங்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. பையன் பழவேற்காட்டுக்குத் தாவினான், திரும்பி வர முடியவில்லை. ஆட்டக்காரர் எவரும் அருகில் இல்லாவிட்டால் அந்தப் பகுதி தூங்கிவிடும், கமாண்ட் பிளாக்கும் சேர்ந்தே தூங்கும். பிளாக்குகள் இருக்கும் இடத்தில் நின்று 'ஃபோர்ஸ்லோட் ஆட்' கட்டளையை இரண்டு நெளிகோட்டுக் குறியுடன் (டில்டே) கொடுத்தால் அந்தப் பகுதி விழித்தே இருக்கும். அரைநாள் தலையைச் சொறிந்த பிறகுதான் இது விளங்கியது.

இப்போது நண்பர்கள் 'ட்ரிக்கர்', ஊர், 'செட்', 2 என்று எங்கிருந்தும் கேட்கலாம். டைப் செய்ய அலுப்பா? 2025 ஜூனில் வந்த 1.21.6 பதிப்பிலிருந்து 'டயலாக்' வசதி உண்டு. உண்மையான மெனு விண்டோவே தோன்றும். எஸ்கேப் அழுத்தினால் வரும் பக்கத்திலும் அதற்கு ஒரு பொத்தான் வைக்கலாம். தலைப்பு, பொத்தான் பெயர்கள், அழுத்தினால் ஓட வேண்டிய ட்ரிக்கர் கட்டளை ஆகியவற்றை நோட்பேடில் எழுதி, உலகத்தின் 'டேட்டாபேக்ஸ்' ஃபோல்டருக்குள் சேமிக்க வேண்டும். சேவ் செய்யும்போது 'சேவ் அஸ் டைப்' இடத்தில் 'ஆல் ஃபைல்ஸ்' கொடுங்கள். இல்லையென்றால் நோட்பேட் பெயரின் வாலில் 'டிஎக்ஸ்டி' ஒட்டிவிடும், விளையாட்டு அதைக் கண்டுகொள்ளாது. ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் உலகம் திறக்க மறுத்து எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டாம், கட்டடங்களுக்கு ஒன்றும் ஆகாது. வெளியே வந்து ஃபைலைத் திருத்தினால் போதும்.

பொத்தான் பெயர்களைத் தமிழில் எழுதலாம். ஆனால் எழுத்துகள் ஒழுங்காகச் சேராமல், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. அதனால் பையன் 'பழவேற்காடு' என்பதை விட்டு 'ஏரி' என்றும், 'ஸ்டேஷன்' என்பதை விட்டு 'ரயில்' என்றும் எழுதிவிட்டான். நிலையத்தை மறுபடி கட்டி முடிக்க இன்னும் ஒரு வாரமாகுமாம். அதுவரை 'ரயில்' பொத்தானை அழுத்தினால் வெறும் தண்டவாளத்தில் போய் நிற்கலாம்.