கியர் விழவில்லையா? கழற்றுவதற்கு முன் வெளியே பாருங்கள்



நாட்டில் 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கியது. அதன் பிறகு நமது லயத்து வாசல்களிலும் புதிய மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கின்றன. பிள்ளைகளை டவுன் பாடசாலைக்குக் கொண்டுபோய் விட, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, வெளியூர் வேலைக்குப் போய்வர என்று அது குடும்பத்துக்கே காலாகி விடுகிறது. அநேகமாக லீசிங்கில் எடுத்ததாகத்தான் இருக்கும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத் தவணை கட்டியே ஆக வேண்டும்.

இப்படி வாங்கியவர்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான். “புது பைக்குங்க, ஆனா கியர் விழமாட்டேங்குது. நியூட்ரலும் கிடைக்கமாட்டேங்குது.” இந்த இதழின் பாடம் இதைப் பற்றியதே. இதில் பணமும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. தேவையில்லாமல் இஞ்சினைக் கழற்றினால் பணம் போகும். மலை இறக்கத்தில் கியர் கை கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

புல்மோட்டையில் பார்த்தது

1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வடக்கு, கிழக்குப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தங்கள் நம்மில் பலருக்கு உண்டு. இப்போதும் நமது பிள்ளைகள் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். அவ்வாறு கட்டட வேலைக்குப் போன ஒரு தம்பியைப் பார்க்க அவர் குடும்பத்தாருடன் நாமும் புல்மோட்டைக்குச் சென்றிருந்தோம். திருகோணமலை டவுனிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாகக் கடலோரமாக வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் போனால் புல்மோட்டை.

அங்குள்ள கரையோர மணல் கறுப்பாக இருக்கும். இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகிய கனிமங்கள் கலந்த மணல் அது. அதை எடுத்துப் பிரிப்பதற்கென்றே 1957ஆம் ஆண்டு அரசாங்கம் ஒரு கூட்டுத்தாபனத்தை அமைத்தது. சுவருக்கு அடிக்கும் பெயின்டுக்கு வெண்மை தரும் பொருளை இல்மனைட்டிலிருந்து செய்கிறார்கள். சிர்கோன் சாதாரண வெள்ளை மணலைவிடக் கடினமானது. ஊருக்கு நல்ல செல்வம்தான், ஆனால் மோட்டார் சைக்கிள் செயினுக்கு அது அரம். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்தத் தம்பியின் பைக் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. கியர் விழாமல் அடம்பிடித்தது. ஒரு கராஜில் காட்டியபோது, “கியர்பொக்ஸைக் கழற்றித்தான் பார்க்கணும்” என்று சொல்லி, ஒரு மாதத் தவணையைவிடக் கூடிய தொகையைக் கேட்டிருக்கிறார்கள். தம்பி கடன் வாங்கத் தயாராகிவிட்டார்.

நம்முடன் வந்திருந்த ஸ்டோர் பிட்டர், “கொஞ்சம் பொறு தம்பி, முதல்ல வெளியே பார்ப்போம்” என்றார். பார்த்தபோது நான்கு விஷயங்கள் தெரிந்தன. கிளச் கேபிள் தொய்ந்திருந்தது. செயினில் மணலும் பழைய கிரீஸும் பசைபோல அப்பியிருந்தது. தம்பி கனமான வேலைச் சப்பாத்து போட்டிருந்தார், கியர் லிவர் அதற்கு ஏற்ற உயரத்தில் இல்லை. நான்காவது, அவர் முன்பு ஓட்டிப் பழகிய பைக்கின் கியர் வரிசை வேறு, இதன் வரிசை வேறு. இரண்டு ஸ்பேனர், ஒரு பழைய பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு மணி நேரம். கியர் விழுந்தது. கியர்பொக்ஸை யாரும் தொடவேயில்லை.

கியர் எப்படி வேலை செய்கிறது?

இஞ்சினின் சுழற்சி முதலில் கிளச்சுக்கும், அதிலிருந்து கியர்பொக்ஸுக்கும், அதிலிருந்து செயின் வழியாகப் பின் சில்லுக்கும் போகிறது. கிளச்சை அழுத்தினால் இஞ்சினுக்கும் கியருக்கும் உள்ள தொடர்பு விடுபடும். அந்த நேரத்தில்தான் ஒரு பற்சக்கரத்தின் பக்கத்திலுள்ள மேடு அடுத்த சக்கரத்தின் பள்ளத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். தொடர்பு முழுவதும் விடுபடாவிட்டால் அது எளிதாகப் பூட்டாது. ஆகவே கியர் விழாததற்குக் காரணம் பெரும்பாலும் கியருக்கு வெளியேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி அசையாமல் நிற்கும்போது மேடும் மேடும் நேருக்கு நேர் முட்டி நின்றால் கியர் விழாது. இது பழுதல்ல. வண்டியை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளுங்கள், அல்லது கிளச்சை லேசாக விட்டு மீண்டும் அழுத்துங்கள், விழுந்துவிடும். முதல் கியர் போடும்போது ‘டொக்’ என்று கேட்பதும், புது வண்டியில் தொடக்கத்தில் கியர் சற்று இறுக்கமாக இருப்பதும் வழக்கமே.

நாமே பார்க்கக்கூடிய ஐந்து இடங்கள்

1. கிளச் கேபிள்: கிளச் லிவரை விரலால் மெதுவாக அழுத்துங்கள். பிடிப்பு வருவதற்கு முன் கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். பெரும்பாலான சிறிய பைக்குகளில் லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை, அதாவது சுமார் ஒரு விரல் அகலம். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு அதனோடு தந்த கைநூலில் இருக்கும். ஆட்டம் கூடினால் கிளச் முழுதாக விடுபடாது. கியர் இறுகும், நியூட்ரல் கிடைக்காது, கிளச்சைப் பிடித்திருந்தாலும் வண்டி முன்னே இழுக்கும். ஆட்டமே இல்லாவிட்டால் கிளச் வழுக்கும். இஞ்சின் அலறும், வண்டி ஏறாது, கருகல் வாடை வரும். புதிய கேபிள் ஓட ஓடச் சற்று நீளும். புது வண்டியில் இந்தக் கோளாறு வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

2. ஒயில்: நாம் ஓட்டும் சாதாரண பைக்குகளில் இஞ்சின், கிளச், கியர் மூன்றுக்கும் ஒரே ஒயில்தான், அதுவும் ஏறத்தாழ 1 லீற்றர். குறைந்தாலும் பழசானாலும் கியர் முரண்டு பிடிக்கும். காருக்கு ஊற்றும் ஒயிலை ஊற்றாதீர்கள். அவற்றில் பலவற்றில் வழுக்கலைக் கூட்டும் மருந்து கலந்திருக்கும், பைக் கிளச் வழுக்கிவிடும். போத்தலில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறியும், கைநூலில் சொன்ன இலக்கமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சமதரையில் வண்டியை நேராக நிறுத்தி அளவு பாருங்கள். சரிவில் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு பொய் சொல்லும்.

3. செயின்: கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் சுமார் 1 அங்குலம் ஆட வேண்டும். இதற்கும் கைநூலே அளவு. தொங்கினால் கியர் மாற்றும்போது வண்டி வெட்டி இழுக்கும். அதிகம் இறுகினால் பேரிங் தேயும். புல்மோட்டையில் மணலும் உப்பும் செய்வதை நமது ரோட்டில் சேறும் கிரவலும் செய்கின்றன. மண்ணெண்ணெய் நனைத்த பிரஷால் கழுவி, துடைத்து, செயின் ஒயில் போடுங்கள். ஒரு கண்டிப்பு: இஞ்சினை நிறுத்திவிட்டு, சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றியே துடைக்க வேண்டும். இஞ்சின் ஓட ஓடத் துணி பிடித்தால் செயினுக்குள் விரல் போய்விடும். சிறுபிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

4. கியர் லிவர்: அதை இறுக்கும் போல்ட் தளர்ந்திருந்தால் லிவர் ஆடும், கியர் அரைகுறையாக விழும். வேலைச் சப்பாத்தோ றப்பர் பூட்ஸோ போடுகிறவர்கள், பாதம் தாராளமாக லிவருக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் லிவரைக் கழற்றி ஒரு பல் மேலே மாட்டலாம். சிலிப்பரோடு ஓட்ட வேண்டாம்.

5. நமது கையும் காலும்: கிளச்சைப் பாதி அழுத்தி மாற்றக்கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டு, கிளச்சை முழுக்க அழுத்தி, லிவரை ஒரே சீராகக் கடைசிவரை தள்ளி, பிறகு கிளச்சை விடுங்கள். உதைக்க வேண்டாம். எப்போதும் கிளச்சில் விரலைப் போட்டுக்கொண்டு ஓட்டவும் வேண்டாம். சிக்னலிலோ கேட்டிலோ நிற்க வேண்டுமென்றால், வண்டி முழுதாக நிற்பதற்குச் சற்று முன்பே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள், சுலபமாகக் கிடைக்கும்.

கியர் வரிசையில் கவனம்

ஹீரோ ஸ்ப்ளெண்டர் போன்ற பைக்குகளில் நான்கு கியரும் முன்பக்கம் கீழே மிதித்தால் விழும். பஜாஜ் பல்சர் 150 போன்றவற்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. ஒன்றில் பழகியவர் மற்றதில் ஏறினால் கால் பழைய பழக்கத்தையே செய்யும். இரண்டாவது கியருக்கு என்று நினைத்துக் கீழே மிதிப்பார், அது ஏற்கெனவே முதல் கியரில் இருப்பதால் விழாது. “கியர் பழுது” என்பார். இறக்கத்தில் கியரைக் குறைப்பதாக நினைத்துக் கூட்டிவிட்டால், இஞ்சின் பிடித்து நிறுத்தும் சக்தி குறைந்து வண்டி பாயும். ஆகவே அண்ணன் தம்பி வண்டியை மாற்றி எடுக்கும்போது, முதலில் சமதரையில் நாலு தடவை ஓட்டிப் பழகிய பிறகே ரோட்டில் இறங்குங்கள்.

மலை இறக்கத்தில்

பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும், கிளச்சைப் பிடித்துக்கொண்டே இறங்குவதும் வேண்டவே வேண்டாம். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்குவது நல்ல வழக்கம். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். நடுவில் கியர் விழாமல் வண்டி சும்மா ஓடினால் பதற வேண்டாம். இரண்டு பிரேக்கையும் சீராகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, கிளச்சை முழுக்க அழுத்தி, கியரை மறுபடியும் போடுங்கள்.

எப்போது ஏஜென்டிடம் போக வேண்டும்?

மேலே சொன்ன ஐந்தும் சரியாக இருந்தும் கியர் தானாகக் கழன்று வந்தால், ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் அரைக்கும் சத்தம் கேட்டால், மாற்றும் ஒயிலில் இரும்புத் துண்டுகள் கண்டால், அது உள்ளே உள்ள கோளாறு. தாமதிக்காமல் வண்டி தந்த ஏஜென்டின் சேவை நிலையத்துக்குக் கொண்டு போங்கள். உத்தரவாதக் காலத்தில் வெளியார் இஞ்சினைக் கழற்றினால் உத்தரவாதம் மறுக்கப்படலாம். முதல் சேவையைக் கைநூல் சொன்ன கிலோமீற்றரில் செய்து, அட்டையில் முத்திரை வாங்கி, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

போகும்போது ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தக் கியர், கூட்டும்போதா குறைக்கும்போதா, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடானபோதா, எத்தனை கிலோமீற்றரில் தொடங்கியது. “கியர் சரியில்லைங்க” என்று மட்டும் சொன்னால் தேடுவது கடினம். எழுதிக் கொடுத்தால் தேடுவதும் சுலபம், நம்மை ஏமாற்றுவதும் கடினம்.

வீட்டில் கேட்டுப் பாருங்கள்

1. கிளச் லிவரில் ஆட்டம் கூடினால் என்ன நடக்கும்? குறைந்தால் என்ன நடக்கும்?
2. கார் ஒயிலை ஏன் பைக்குக்கு ஊற்றக்கூடாது?
3. செயினைத் துடைக்கும்போது இஞ்சின் எப்படி இருக்க வேண்டும்?
4. நமது வீட்டுப் பைக்கின் கியர் வரிசை என்ன? பக்கத்து வீட்டுப் பைக்கின் வரிசை என்ன?

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இந்தக் கேள்விகளை அப்பாவிடமும் அண்ணனிடமும் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் பாடத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பிறகு எல்லோருமாக வாசலில் நிற்கும் வண்டியிடம் போய் அந்த ஐந்து இடங்களையும் தொட்டுப் பாருங்கள்.