பாட்டும் பெயரும்

ஹப்சிகுடாவில் நான் தங்கியிருக்கும் அறைக்குச் சென்ற ஆண்டு நம் சங்கத்தின் கையெழுத்து இதழுக்கான படைப்புகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் முதலாண்டு மாணவத் தம்பி ஒருவர் எழுதிய பாட்டும் இருந்தது. இரவு ஒன்பது மணி அடித்தால் ஊரிலிருந்து தாய் தொலைபேசியில் அழைப்பாள். உண்டாயா, படித்தாயா என்று கேட்பாள். இவ்வாறே செல்லும் பாட்டின் இறுதி அடியில்தான், அத்தாய் இப்போது இல்லை என்பது விளங்கும். தலைப்பு இல்லாதது கண்டு, 'மறைந்த அன்னை' என்று நானே எழுதிச் சேர்த்தேன். இதழைப் பார்த்த தம்பி, "அண்ணா, கடைசி அடிக்காக நான் காத்து வைத்ததை நீங்கள் முதலிலேயே சொல்லிவிட்டீர்களே!" என்றார். விடை கூற இயலாது நின்றேன். பாட்டுக்கும் பெயருக்கும் உள்ள உறவை அன்றுதான் ஆராயத் தொடங்கினேன்.

நம் பாடல்கள் பெயர் பெறும் முறைகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, தொடக்கச் சொற்களால் பெயர் பெறுவது. கீர்த்தனைகளைப் பல்லவியின் தொடக்கத்தைக் கொண்டே குறிக்கிறோம். திரைப்பாடல்களையும் பெரும்பாலும் அவ்வாறே அழைக்கிறோம். தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனைகளுக்கும் இதுவே வழக்கு. இப்பெயர் பாட்டை இனங்காட்டும். அதன் பொருளை உரைக்கும் கடமை இதற்கு இல்லை.

இரண்டாவது, பொருளால் பெயர் பெறுவது. பாரதியாரின் 'கண்ணன் பாட்டு' இதற்குச் சான்று. 'கண்ணன்—என் தாய்', 'கண்ணன்—என் சேவகன்' என்று தலைப்பிலேயே உறவு பேசப்படுகிறது. ஒரே கண்ணனைப் பல உறவினனாகக் காணும் நூல் ஆதலால், எந்த உறவு என்பதைத் தலைப்புச் சொல்லத்தான் வேண்டும். இங்கே முன்கூட்டிச் சொல்வதால் சுவை குன்றுவதில்லை.

மூன்றாவது, பாட்டினுள் இருக்கும் சிறந்த தொடர் ஒன்றால் பெயர் பெறுவது. பதிற்றுப்பத்தில் இன்று கிடைக்கும் எட்டுப் பத்துகளின் எண்பது பாடல்களுக்கும் இவ்வகைப் பெயர் உண்டு. எல்லாம் சேர மன்னர் புகழே. பொருளால் பெயரிட்டிருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? பதினைந்தாம் பாட்டின் பெயர் 'நிரைய வெள்ளம்'. கேட்டவுடன் நரகமும் நீர்ப்பெருக்கும் நினைவுக்கு வரும். பாட்டினுள் சென்ற பின்னரே, அது பகைவர்க்கு நரகம் போன்ற சேரன் படைப்பெருக்கு என அறிகிறோம். பெயர் நம்மை வாயில் வரை அழைத்துச் செல்கிறது. உள்ளே இருப்பதைத் தானே எடுத்துரைப்பதில்லை.

இத்தகைய தொடரின் ஆற்றல் பாட்டோடு நிற்கவில்லை. குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்தது. அவர் ஆண்ட உவமையே 'செம்புலப் பெயனீரார்' என்று அவருக்குப் பெயராயிற்று.

இவற்றால் நான் கற்ற பாடம் இது: பாட்டு முதலிலேயே சொல்ல விரும்புவதைத் தலைப்புச் சொல்லலாம், பாட்டு ஒளித்து வைத்ததைத் தலைப்புத் திருடலாகாது.

தம்பியின் பாட்டை மீண்டும் எடுத்தேன். தகுந்த பெயர் அதற்குள்ளேயே இருந்தது: 'ஒன்பது மணி'. படிக்குமுன் அது வெறும் நேரம். படித்து முடித்தபின், இனி ஒலிக்காத தொலைபேசியின் மணி. தம்பியிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த பேனாவை வாங்கிப் பழைய தலைப்பை அடித்துவிட்டுப் புதியதைத் தம் கையாலேயே எழுதினார்.